முன்சூடாக்கல் (பற்றவைப்பு)

முன்சூடாக்கல் என்பது இரண்டு உலோகப் பாகங்களைப் பற்றவைக்கத் தொடங்குவதற்கு முன்னர், பற்று இடப்படவுள்ள இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குச் சூடேற்றி, பற்றவைப்பு முடியும் வரை அவ்விடம் அந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்காதவாறு காக்கும் செய்முறை ஆகும். பட்டறைகளில் வெல்டிங், பிரீஹீட் என வழங்கும் சொற்களுக்கு இணையாகப் பற்றவைப்பு, முன்சூடாக்கல் என்னும் சொற்கள் இங்கு ஆளப்படுகின்றன. தடித்த எஃகு, கலப்பு எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவற்றைப் பற்றவைக்கும்போது முன்சூடாக்கல் பெரும்பாலும் இன்றியமையாததாகும்.

தட்டையான தகட்டையோ நேரான குழாயையோ முன்சூடாக்குவது எளிது. கொதிகலனின் பெருங்குழாயில் நூற்றுக்கணக்கான சிறுகுழாய்கள் முளைத்து நிற்கும் இடம், வால்வின் உடல், ஆரங்கள் கொண்ட பற்சக்கரம் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். தகட்டுக்கென்று செய்த சூடேற்றி அங்கே ஒட்டி அமராது. ஆகையால் கருவியை வடிவத்துக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் இந்த வேலை பேரளவில் நடைபெறும் இடம் திருச்சிராப்பள்ளியின் கொதிகலன் தொழில் ஆகும். சிற்றளவில் வார்ப்பிரும்புப் பாகங்களைப் பழுதுபார்க்கும் ஊர்ப்புறப் பட்டறைகளிலும் இதே சிக்கல் எழுகின்றது.

முன்சூடாக்கலின் தேவை

மின்வில் பற்றவைப்பில் உருகிய உலோகத்தின் வெப்பநிலை 1500 பாகை செல்சியசைத் தாண்டும். அதனைச் சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்த வெப்பத்தை மிக விரைவாக உறிஞ்சிக்கொள்கின்றது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்துக் கடினமாக்குவதற்கு இது ஒப்பானது. இங்கே நீரின் வேலையைக் குளிர்ந்த எஃகே செய்கின்றது. இதன் விளைவாகப் பற்றையொட்டிய பகுதியில் மார்ட்டென்சைட்டு என்னும் கடினமான, எளிதில் உடையக்கூடிய அமைப்பு உருவாகலாம்.

இத்துடன் ஐதரசனும் சேர்ந்துகொள்கின்றது. பற்றுக்குச்சியின் பூச்சில் உள்ள ஈரம், தகட்டின் மேலுள்ள எண்ணெய், துரு ஆகியவற்றிலிருந்து வரும் ஐதரசன் உருகிய எஃகில் கரைகின்றது. எஃகு குளிரும்போது அது முழுவதும் வெளியேற இயலாமல் உள்ளே சிக்கிக்கொள்ளும். கடின அமைப்பு, ஐதரசன், குளிர்ந்து சுருங்குவதால் உண்டாகும் இழுவிசை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் விரிசல் தோன்றுகின்றது. இதற்கு ஐதரசன் விரிசல் அல்லது குளிர் விரிசல் என்று பெயர். பற்று ஏறத்தாழ 150 பாகைக்குக் கீழே குளிர்ந்த பின்னரே இது தோன்றும் என்பதும், சில வேளைகளில் பல மணி நேரம் கழித்தே தோன்றும் என்பதும் இதன் கொடிய இயல்புகளாகும். மாலையில் ஆய்வு செய்து நல்லதெனக் கருதப்பட்ட பற்று மறுநாள் விரிசலுடன் இருக்கக்கூடும். இதனால்தான் விரிசலுக்கு ஆட்படக்கூடிய எஃகுகளில் பற்றவைத்து 48 மணி நேரம் கழிந்த பின்னரே இறுதி ஆய்வு செய்யுமாறு பல விதிமுறைகள் கூறுகின்றன. அதிக அழுத்த நீராவி செல்லும் குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தங்கிவிட்டால், அக்குழாய் ஒருநாள் வெடிக்கும்போது அருகில் நிற்பவர் உயிர்பிழைப்பது அரிது.

முன்சூடாக்கல் இம்மூன்றையும் ஓரளவு தணிக்கின்றது. குளிரும் வேகம் குறைவதால் கடின அமைப்பு குறைகின்றது. சூடான எஃகில் ஐதரசன் விரைவாக ஊர்ந்து வெளியேறுகின்றது. பற்றுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையேயான வெப்பநிலை வேறுபாடு குறைவதால் சுருக்கத் தகைவும் குறைகின்றது. மேற்பரப்பில் படிந்த ஈரம் உலர்ந்துவிடுவது கூடுதல் நன்மை.

எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பது எஃகின் சேர்மானம், தடிப்பு, பற்றுக்குச்சியின் ஐதரசன் அளவு, மின்வில் தரும் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. சேர்மானத்தை ஒரே எண்ணாகச் சுருக்குவதற்குக் கரிமச் சமானம் என்னும் கணக்கு பயன்படுகின்றது. பன்னாட்டுப் பற்றவைப்புக் கழகத்தின் வாய்பாடு பின்வருமாறு:

கரிமச் சமானம் = கரிமம் + மாங்கனீசு/6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்)/5 + (நிக்கல் + செப்பு)/15

எடுத்துக்காட்டாக, 0.20 விழுக்காடு கரிமமும் 1.2 விழுக்காடு மாங்கனீசும் கொண்ட கட்டுமான எஃகின் கரிமச் சமானம் 0.40 ஆகும். மெல்லிய தகடாயின் இதனை முன்சூடாக்காமலே பற்றவைக்கலாம். தடித்த தகடாயின் சூடாக்குதல் தேவைப்படும். இவ்வாய்பாடு கரிம-மாங்கனீசு எஃகுகளுக்கு உரியது. 9 விழுக்காடு குரோமியம் கொண்ட கொதிகலன் எஃகின் எண்களை இதிலிட்டால் விடை 2-க்கும் மேல் வரும். அவ்விடை வாய்பாட்டின் எல்லை கடக்கப்பட்டுவிட்டது என்பதை மட்டுமே காட்டுகின்றது; மாணவர்கள் இதில் ஏமாறுவதுண்டு.

வடிவத்தால் எழும் சிக்கல்

இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்கும்போது வெப்பம் இடம், வலம் என இரண்டு வழிகளில் ஓடுகின்றது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்தால் வெப்பத்துக்கு மூன்று வழிகள் கிடைக்கின்றன. ஆகவே அதே தடிப்புள்ள தகடுகளாயினும் இரண்டாவது இணைப்பு விரைவாகக் குளிரும்; அதற்குக் கூடுதல் முன்சூடு தேவை. இதனைக் கணக்கில் கொள்வதற்காக ஐரோப்பியத் தரங்களில் கூட்டுத் தடிப்பு என்னும் அளவு கையாளப்படுகின்றது. பற்றுக்கோட்டில் சேரும் எல்லாப் பாகங்களின் தடிப்பையும் (கோட்டிலிருந்து 75 மில்லிமீட்டர் வரையுள்ள சராசரித் தடிப்பு) கூட்டினால் இது கிடைக்கும்.

தடிப்பு மாறும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 80 மில்லிமீட்டர் சுவர் கொண்ட பெருங்குழாயில் 6 மில்லிமீட்டர் சுவர் கொண்ட குட்டைக் குழாய் ஒன்றைப் பொருத்துவதாகக் கொள்வோம். இரண்டின் மீதும் ஒரே அளவு சுடரைக் காட்டினால் குட்டைக் குழாய் ஓரிரு நிமிடங்களில் வரம்பு மீறிச் சூடாகிவிடும். பெருங்குழாய் அப்போதும் கையால் தொடும் சூட்டில்தான் இருக்கும். தடித்த எஃகின் உட்பகுதிக்கு வெப்பம் சென்றடைய வேண்டிய நேரம் தடிப்பின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது. சாதாரணக் கரிம எஃகில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெப்பம் பரவ ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகுமெனில், 100 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நான்கு நிமிடம் போதாது; பதினாறு நிமிடம் அளவில் ஆகும். குரோமியம் மிகுந்த எஃகு வெப்பத்தை இன்னும் மெதுவாகவே கடத்தும்.

மூன்றாவது சிக்கல், சூட்டினாலேயே உண்டாகும் தகைவு. எஃகு ஒரு மீட்டர் நீளத்தில் 170 பாகை உயர்வுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். பாகத்தின் ஒரு பகுதி மட்டும் இவ்வாறு நீண்டு, ஏனைய பகுதி அதனைத் தடுத்துப் பிடித்திருந்தால், விரிசலைத் தடுக்கச் செய்த முன்சூடே வளைவுக்கோ விரிசலுக்கோ காரணமாகிவிடும்.

கருவிகள்

எரிவளிச் சுடர்

மிகப் பழைய முறையும் செலவு குறைந்த முறையும் இதுவே. சமையல் எரிவளியையோ இயற்கை எரிவளியையோ காற்றுடன் சேர்த்து எரித்து, மென்மையான அகன்ற சுடரைப் பாகத்தின் மீது செலுத்துவர். ஆக்சிசன்-அசெட்டிலீன் வெட்டுச்சுடரை இதற்குப் பயன்படுத்துவது பரவலாகக் காணப்படும் தவறான வழக்கம். அச்சுடர் மிகக் கூர்மையானது. மேற்பரப்பை ஓரிடத்தில் பொசுக்கிவிட்டு உட்பகுதியைக் குளிராகவே விட்டுவிடும்.

சுடரை வடிவத்துக்கு ஏற்ப மாற்றுவதற்கு எளிய வழி, எரிகுழாயையே வளைத்துச் செய்துகொள்வதாகும். வட்டப் பாகங்களுக்கு உட்புறம் நோக்கிய துளைகள் கொண்ட வளைய எரிகுழாயும், நீண்ட பெருங்குழாய்களுக்கு அடியில் வைக்கும் நேர் எரிகுழாயும் செய்யப்படுகின்றன. பெருங்குழாயை உருளைகளின் மேல் மெல்லச் சுழலவிட்டு, அடியிலிருந்து சுடர் காட்டி, மேலே பற்றவைக்கும் ஏற்பாடு கனரகத் தொழிற்கூடங்களில் வழக்கமானது. சுழற்ற இயலாத பாகங்களில் துளைகளின் எண்ணிக்கையைத் தடித்த பக்கத்தில் கூட்டியும் மெல்லிய பக்கத்தில் குறைத்தும் அமைக்கலாம். குட்டைக் குழாய்களின் மீது சுடர் படாதவாறு மறைப்புத் தகடு வைத்துத் தடித்த உடலை மட்டும் சூடாக்கினால், குட்டைக் குழாய்க்குத் தேவையான வெப்பம் உடலிலிருந்தே ஏறிவிடும்.

மின்தடைச் சூடேற்றி

கட்டுமானக் களங்களில் மிகுதியாகக் காணப்படுவது இது. நிக்கல்-குரோமியக் கம்பியின் மேல் அலுமினாச் சுட்டமண் மணிகளைக் கோத்து, மாலைகளை அடுத்தடுத்து இணைத்துப் பாய்போல ஆக்கியிருப்பர். தொழிலாளர் இதனை ஹீட்டர் பேடு என்பர். 60 வோல்ட்டு மின்னழுத்தத்தில் 45 ஆம்பியர் எடுத்து 2.7 கிலோவாட்டு தரும் பாய் பொதுவான ஒன்று. 80 வோல்ட்டில் 3.6 கிலோவாட்டு தருவனவும் உண்டு. மணிகளுக்கு இடையே கம்பி வெளியே தெரியக்கூடும் என்பதால்தான் இவ்வாறு தாழ்ந்த மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

மணிப்பாய் ஒரு திசையில் மட்டுமே நன்கு வளையும். ஓலைப்பாயைச் சுருட்டுவது போன்றது இது. குழாயைச் சுற்றி எளிதாக அமரும். வால்வின் குமிழ் போன்ற இருதிசை வளைவில் அமராது. அவ்விடங்களில் அகலப் பாய்களுக்குப் பதிலாக ஒடுக்கமான பாய்களை அடுத்தடுத்து வைப்பதும், ஒற்றை மாலையாக உள்ள கயிற்றுச் சூடேற்றியைச் சந்துகளில் நுழைத்துச் சுற்றுவதும் வழக்கம். குட்டைக் குழாய்கள் நெருக்கமாக நிற்கும் பெருங்குழாயில் கயிற்றுச் சூடேற்றியே கைகொடுக்கும். இரண்டு பாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. படிந்த இடத்தில் வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்பி உருகி அறுந்துவிடும். பாய் உலோகத்தை ஒட்டாமல் தூக்கி நின்றாலும் இதே கதிதான். எனவே துருவேறா எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே சுட்டமண் இழைப் போர்வையால் மூடுகின்றனர். முற்காலத்தில் இதற்குக் கல்நார் பயன்பட்டது. நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் அது கைவிடப்பட்டது. சுட்டமண் இழையையும் முகமூடி இன்றிக் கையாளுதல் நன்றன்று.

இவ்வகைச் சூடேற்றியின் பெரும் வலிமை மண்டலப் பிரிப்பாகும். மின்வழங்கிப் பெட்டியில் பெரும்பாலும் ஆறு வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் தனி வெப்பநிலை அளவியும் கட்டுப்பாடும் உண்டு. வால்வின் தடித்த உடலுக்கு மூன்று வழிகளையும், கழுத்துக்கு ஒன்றையும், குழாய்ப் பக்கத்துக்கு ஒன்றையும் ஒதுக்கினால் மூன்று இடங்களும் வெவ்வேறு அளவு மின்சாரத்தை எடுத்து ஒரே வெப்பநிலையில் நிற்கும். எல்லாப் பாய்களையும் ஒரே அளவியின் கீழ் இணைப்பது பிழை. அந்த அளவி மெல்லிய பக்கத்தில் இருந்தால் உடல் சூடாகும் முன்பே மின்சாரம் நின்றுவிடும். தடித்த பக்கத்தில் இருந்தால் மெல்லிய பக்கம் வெந்துவிடும்.

எத்தனை பாய்கள் தேவை என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். 500 கிலோகிராம் எடையுள்ள வால்வு உடலை 30 பாகையிலிருந்து 200 பாகைக்கு உயர்த்த, எஃகின் வெப்பக் கொண்மையைக் கிலோகிராமுக்கு 0.49 கிலோசூல் எனக் கொண்டால், ஏறத்தாழ 41,650 கிலோசூல் வேண்டும். இது 11.6 கிலோவாட்டு-மணி, அதாவது வீட்டு மின்கணக்கில் பதினொன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆறு பாய்கள் சேர்ந்து 16.2 கிலோவாட்டு தரும். அதில் பாதி காற்றுக்கு வீணாகும் எனக் கொண்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். போர்வை சரியாக இல்லையெனில் இக்கணக்கு எளிதில் இருமடங்காகும்.

மின்தூண்டல்

இம்முறையில் நீரால் அல்லது காற்றால் குளிர்விக்கப்படும் வடம் ஒன்று பாகத்தைச் சுற்றிச் சுருளாக அமைக்கப்பட்டு, அதன் வழியே உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டம் செலுத்தப்படுகின்றது. எடுத்துச் செல்லத்தக்க பொறிகளில் இது பெரும்பாலும் நொடிக்கு 5,000 முதல் 30,000 அலைவுகள் அளவில் இருக்கும். வடம் சூடாவதில்லை; எஃகின் உள்ளே தூண்டப்படும் சுழல் மின்னோட்டமே அதனைச் சூடாக்குகின்றது. ஆயினும் வெப்பம் பாகத்தின் ஆழம் முழுவதும் ஒரே நேரத்தில் பிறப்பதாகக் கருதுவது தவறு. இந்த அதிர்வெண்களில் மின்னோட்டம் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே ஓடும். அங்கிருந்து உள்ளே வெப்பம் கடத்தல் மூலமே செல்ல வேண்டும். எனவே தடித்த பாகங்களுக்குரிய காத்திருப்பு இங்கும் தவிர்க்க முடியாதது.

வளையும் வடம் எந்த வடிவத்தையும் சுற்றும் என்பது இதன் சிறப்பு. வால்வு உடல்மேல் கையாலேயே சுற்றலாம். மிகுதியாகச் சூடேற வேண்டிய தடித்த இடத்தில் சுற்றுகளை நெருக்கியும் மெல்லிய இடத்தில் விலக்கியும் வைத்து வெப்பத்தைப் பகிர்ந்தளிக்கலாம். எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் செல்லும் இரண்டு சுற்றுகள் அருகருகே வந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அவ்விடம் குளிர்ந்தே கிடக்கும். கூரிய விளிம்புகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளிலும் அளவு மீறிச் சூடேறலாம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக் கொதிகலன் தொழில்

பாரத மிகு மின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களின் நடுவில் செக்கோசுலோவாக்கிய ஒத்துழைப்புடன் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் தொடங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு அங்கேயே பற்றவைப்பு ஆய்வு நிறுவனமும் அமைக்கப்பட்டது. கொதிகலன் என்பது அடிப்படையில் பற்றுகளால் ஆன பொருள். ஒரு பெரிய அனல்மின் கொதிகலனில் பல்லாயிரக்கணக்கான குழாய்ப் பற்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கசிந்தாலும் மின்னாக்கி நின்றுவிடும். துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் வளர்ந்த சிறு, நடுத்தரப் பட்டறைகள் பலவும் இந்த ஆலையின் வேலையைச் சார்ந்தே எழுந்தவை.

பெரிய கொதிகலன்களின் நீராவி டிரம் 100 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட சுவர்த்தடிப்புக் கொண்டதாக இருக்கலாம். அதில் நீர் இறங்கும் பெருங்குழாய்களுக்கான வாய்கள் பற்றவைக்கப்படுகின்றன. உருளையும் உருளையும் சேரும் இடத்தில் பற்றுக்கோடு வட்டமாக இராமல் சேணம்போல் ஏறி இறங்கும். சேணத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் சுவரின் சாய்வு வேறுபடுவதால் வெப்பம் ஓடும் வழியும் வேறுபடுகின்றது. இங்கே வாயின் கழுத்தைச் சுற்றி ஒரு மண்டலமும், டிரம்மின் சுவரில் வாயைச் சூழ இன்னொரு மண்டலமும் தேவைப்படும். இயன்றால் சூடேற்றிகள் டிரம்மின் உட்புறத்தில் வைக்கப்படும். பற்றவைப்பவருக்கு வெளிப்புறம் தடையின்றிக் கிடைக்கும். டிரம்மினுள் சுடர் எரிந்தால் நச்சு வளி தேங்கும் ஆதலால், உள்ளே ஆள் இறங்கும் வேலைகளில் மின்முறையே பாதுகாப்பானது.

பி91 எனப்படும் 9 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காடு மாலிப்டினம், சிறிதளவு வனேடியம், நியோபியம் கொண்ட எஃகு முன்சூடாக்கலை மேலும் கண்டிப்பானதாக மாற்றியது. அமெரிக்காவின் ஓக் ரிட்சு தேசிய ஆய்வுக்கூடத்தில் 1970களில் உருவாக்கப்பட்ட இந்த எஃகு, 1980களில் கொதிகலன் விதிமுறைகளில் இடம்பெற்றது. பழைய எஃகுகளைவிட மெல்லிய சுவரே அதே அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் உயர்வெப்ப நீராவிக் குழாய்களில் இது பரவியது. ஆனால் இது காற்றில் குளிர்ந்தாலே மார்ட்டென்சைட்டாக மாறும் இயல்புடையது. ஆகவே 200 முதல் 250 பாகை வரை முன்சூடும், அடுக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 350 பாகைக்கு மேற்படாத உச்சவரம்பும் கடைப்பிடிக்கப்படுகின்றன. பற்று முடிந்ததும் ஏறத்தாழ 100 பாகைக்குக் கீழே குளிரவிட்டு, மாற்றம் முழுமை பெற்ற பின்னரே 750 பாகையை ஒட்டிய பின்வெப்பச் சிகிச்சை செய்ய வேண்டும். அதற்குமுன் அவசரப்பட்டுச் சூடேற்றினால் மாறாத பகுதி எஞ்சி, பிற்பாடு கடினமாகிவிடும்.

முன்சொன்ன தடித்த பெருங்குழாயும் மெல்லிய குட்டைக் குழாயும் பி91 வகையால் ஆனவையாயின் கீழ்வரம்பும் மேல்வரம்பும் சேர்ந்து நெருக்குகின்றன. பெருங்குழாயின் உட்சுவர் 200 பாகையை எட்டியிருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வோர் அடுக்கும் சேர்க்கும் வெப்பத்தால் குட்டைக் குழாய் 350 பாகையைத் தாண்டிவிடக் கூடாது. எனவே சூடேற்றி முழுவதும் பெருங்குழாயின் மீதே வைக்கப்பட்டு, குட்டைக் குழாய்கள் போர்வையின் துளைகள் வழியே வெளியே விடப்படுகின்றன. ஒரே குழாயில் தொடர்ந்து எல்லா அடுக்குகளையும் இடாமல், சில குழாய்கள் தள்ளிச் சென்று திரும்பி வருவதும் ஒரு வழி.

மின்நிலையக் களத்தில் சேர்க்கப்படும் குழாய்களுக்கு வேறு தொல்லைகள் உண்டு. அங்கே குழாயைச் சுழற்ற இயலாது. கிடையான குழாயில் சூடான காற்று மேலேறுவதால் மேற்பக்கம் மிகுதியாகச் சூடாகும். கீழ்ப்பக்கத்துக்குத் தனி மண்டலம் வேண்டும். செங்குத்தான குழாய் இருபுறமும் திறந்திருந்தால் புகைபோக்கி போலவே இயங்கி, உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். முனைகளைப் போர்வைத் துண்டால் அடைத்தால் போதும், இது நின்றுவிடும். அடிப்பற்றைக் காக்க உள்ளே ஆர்கான் வளி நிரப்பும்போது, அதனைத் தடுத்து நிறுத்த நீரில் கரையும் தாளால் ஆன தடுப்பு வைக்கப்படுவதுண்டு. அது சூடேற்றும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையெனில் கருகிவிடும்.

வடிவத்தை மாற்றுதல்

கருவியை வடிவத்துக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாக, வடிவத்தையே முன்சூடாக்கலுக்கு ஏற்றதாக மாற்றுவதும் உண்டு. கல்பாக்கத்தில் அமைக்கப்பட்ட முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஆக்கிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவையும் 9 குரோமியம்-1 மாலிப்டினம் வகை எஃகால் ஆனவை. ஒவ்வோர் ஆக்கியிலும் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள 547 குழாய்கள் தடித்த குழாய்த்தகட்டுடன் இணைகின்றன. குழாய்க்கு ஒருபுறம் சூடான திரவச் சோடியமும் மறுபுறம் நீரும் ஓடுவதால், ஒரு விரிசல் ஏற்பட்டாலும் இரண்டும் கலந்து கடுமையாக வினைபுரியும். இங்கே மெல்லிய குழாயைத் தடித்த தகட்டில் நேரடியாகப் பற்றவைக்காமல், தகட்டிலிருந்தே குழாயின் தடிப்புடைய சிறு கழுத்துகள் கடைந்து எடுக்கப்பட்டு, கழுத்தும் குழாயும் முனையோடு முனை சேர்த்து உள்துளை வழியாகப் பற்றவைக்கப்பட்டன. இருபுறமும் ஒத்த தடிப்பாக ஆனதால் வெப்பம் சீராகப் பரவும். ஊடுகதிர்ப் படமெடுத்துச் சோதிக்கவும் இயலும். கடைசல் செலவு மிகுதியே. ஆனால் பிற்பாடு எட்டிப் பழுதுபார்க்க இயலாத இடங்களில் அச்செலவு தகுந்ததே எனலாம்.

வார்ப்பிரும்பும் சிறு பட்டறைகளும்

திண்டுக்கல்-கரூர் வழியில் உள்ள எரியோடு, அதனையடுத்த வேடசந்தூர், வடமதுரை ஆகிய ஊர்களின் சுற்றுப்புறம் நூற்பாலைகளும் கிணற்றுப் பாசனமும் கொண்ட சமவெளியாகும். இத்தகைய பகுதிகளில் உடைந்து பட்டறைக்கு வரும் பாகங்களில் நீரேற்றியின் உடல், பொறியின் அடிக்கட்டு, பற்சக்கரம், கப்பி போன்ற வார்ப்பிரும்புப் பொருள்கள் கணிசமானவை. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கரிமம் பெரும்பாலும் 2.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். அது வளையாமல் உடையும். வடிவமோ கொதிகலன் பாகங்களுக்குச் சற்றும் குறையாத சிக்கல் உடையது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பாகம் முழுவதையும் சூடாக்குதல். செங்கற்களை அடுக்கி, அளவுக்கேற்ற தற்காலிக உலை கட்டி, மரக்கரி பரப்பி, பாகத்தை 500 முதல் 650 பாகை வரை மெல்லச் சூடேற்றி, வார்ப்பிரும்புக் குச்சியும் ஆக்சிசன்-அசெட்டிலீன் சுடரும் கொண்டு பற்றவைத்து, பின்னர் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து ஓரிரவு ஆறவிடுவர். செங்கல் உலை எந்த வடிவத்தையும் ஏற்கும் என்பதால், விலையுயர்ந்த மண்டலக் கட்டுப்பாடு செய்யும் வேலையை இது எளிதாகச் செய்துவிடுகின்றது. இரண்டாவது வழி இதற்கு நேரெதிரானது: நிக்கல் குச்சி கொண்டு 25 மில்லிமீட்டர் அளவான சிறுசிறு பற்றுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே அடுத்ததை இடுவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறைச் சூடுதான் பெரும்பாலான வார்ப்பிரும்புப் பழுதுகளைக் கெடுக்கின்றது.

ஆரங்கள் கொண்ட சக்கரத்தில் முழு உலை இன்றியும் வேலை செய்யும் பழைய உத்தி ஒன்று உள்ளது. ஆரம் ஒன்று உடைந்திருந்தால், அவ்வாரம் சேரும் வெளிவளையத்தின் பகுதியைச் சூடாக்க வேண்டும். வளையம் விரிந்து உடைந்த வாயைச் சற்றே திறக்கும். அந்நிலையில் பற்றவைத்தால், குளிரும்போது பற்றும் சுருங்கும், வளையமும் சுருங்கும், இழுவிசை எஞ்சாது. உடைந்த ஆரத்தை மட்டும் சூடாக்கிப் பற்றவைத்தால், வளையமும் குடமும் அசையாமல் பிடித்திருப்பதால் ஆறும்போது அதே இடத்திலோ அடுத்த ஆரத்திலோ மீண்டும் உடையும். வெளிவளையமே உடைந்திருந்தால் அருகிலுள்ள ஆரங்களைச் சூடாக்குவர்.

வெப்பநிலையை அளத்தல்

விதிமுறைகள் குறிப்பிடும் வெப்பநிலை பாகத்துக்கு உரியது, சூடேற்றிக்கு உரியதன்று. இதனை உறுதிசெய்ய, குறித்த வெப்பநிலையில் உருகும் வண்ணக்கட்டி, தொடு வெப்பமானி, தெர்மோகப்பிள் எனப்படும் வெப்பமின் இரட்டை ஆகியவை பயன்படுகின்றன. பன்னாட்டுத் தரம் 13916-இன்படி 50 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள பாகங்களில் பற்றுவாயின் விளிம்பிலிருந்து தடிப்பைப் போல் நான்கு மடங்கு தொலைவில் (50 மில்லிமீட்டருக்கு மேற்படாமல்) அளக்க வேண்டும். அதனினும் தடித்தவற்றில் குறைந்தது 75 மில்லிமீட்டர் தொலைவில் அளக்க வேண்டும். இயன்ற இடங்களில் சூடேற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அளக்க வேண்டும். இயலாதெனில் சூடேற்றியை அகற்றி, ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் தடிப்புக்கும் 2 நிமிடம் காத்திருந்து அளக்கலாம். இவ்விதி தடிப்புக்கு நேர்விகிதமாகவும், வெப்பம் பரவும் நேரம் தடிப்பின் இருமடிக்கு ஏற்பவும் வளர்வதால், மிகத் தடித்த பாகங்களில் காத்திருப்பை மட்டும் நம்பாமல் எதிர்ப்பக்கத்திலும் அளப்பது நல்லது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான உலோகத்தின் மீது காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

சிக்கலான வடிவங்களில் எங்கே அளப்பது என்பதும் முடிவு செய்யப்பட வேண்டியதே. சூடேற்றியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள தடித்த இடம் கீழ்வரம்பைக் காட்டும். சூடேற்றிக்கு அருகிலுள்ள மெல்லிய இடம் மேல்வரம்பைக் காட்டும். இவ்விரண்டு இடங்களிலும் தெர்மோகப்பிள் இல்லையெனில் ஏனைய அளவீடுகளால் பெரும்பயன் இல்லை.

வேலை இடையில் நிற்றல்

பாதிப் பற்று இட்ட நிலையில் வேலை நின்றுவிடுவது கலப்பு எஃகுகளில் ஆபத்தானது. முழுமையடையாத மெல்லிய பற்று முழுச் சுருக்கத்தையும் தாங்க நேரிடும். அவ்வாறு நிறுத்த வேண்டியிருப்பின் முன்சூட்டை விடாமல் வைத்திருத்தல் அல்லது 250 முதல் 350 பாகையில் ஒன்று, இரண்டு மணி நேரம் வைத்து ஐதரசனை வெளியேற்றிய பின் போர்வைக்குள் மெல்ல ஆறவிடுதல் வழக்கம். 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் நிலவியது போன்ற கடும் மின்வெட்டுக் காலங்களில், பற்றவைப்புப் பொறிக்கு மட்டுமன்றிச் சூடேற்றிகளுக்கும் சேர்த்து மின்னாக்கி வைத்துக்கொள்ளாத பட்டறை இத்தகைய வேலையை ஏற்க இயலாது. அதற்கு மாற்றாக எரிவளிச் சுடரை ஆயத்தமாக வைத்திருப்பதும் உண்டு.

பற்றவைப்பவர் 200 பாகைச் சூடான உலோகத்தை ஒட்டி மணிக்கணக்கில் அமர வேண்டியிருப்பதையும் கருவியை அமைக்கும்போதே கருத வேண்டும். பற்றுவாயைத் தவிர ஏனைய இடம் முழுவதையும் போர்வையால் மூடுவது வெப்பத்தைச் சேமிப்பதுடன் அவரையும் காக்கின்றது. கை வைத்து ஊன்றும் இடத்தில் தனிப் போர்வைத் துண்டும், டிரம் போன்ற மூடிய இடங்களில் காற்றோட்டமும், ஆள் மாற்றி வேலை செய்யும் ஏற்பாடும் தேவை. வெப்பம் தாளாமல் பற்றவைப்பவர் சூடேற்றியைத் தணித்துக்கொள்வது களங்களில் நிகழக்கூடியது. அளவிப் பதிவுத்தாளில் அந்த இறக்கம் தெரியும். பற்றில் அதன் விளைவு உடனே தெரியாது.